தேய்க்காத வெல்டிங்

கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஒரு குரு இருந்தார். காவி கிடையாது, கமண்டலம் கிடையாது. கிரீஸ் படிந்த பேன்ட்டும், காதோரம் சொருகிய சாக்பீஸும்தான். பெயர் கோகிலவாணி. வயது முப்பத்தைந்து. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களை எலும்பு எலும்பாகப் பிரித்துப் போட்டு, மறுபடி ஓட வைப்பது அவருடைய தொழில்.

அவருக்கு ஒரு சீடர். சீடர் ஐம்பதைத் தாண்டியவர். பெயர் மாரப்பன். பாதி ஆயுசை வீட்டு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்தே கழித்தவர். ஒருநாள் குருவின் ஷெட்டுக்கு கேட் மாட்ட வந்தார். உள்ளே தூக்கி நிறுத்தியிருந்த சிவப்புக் காரின் அடிவயிற்றைப் பார்த்தார். பார்த்தவர் திரும்பிப் போகவேயில்லை.

அன்று தொடங்கி அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏனுங்க அம்மணி, என்ற கை வெல்டிங் எப்பங்க இந்தக் காருக்கு அடியில போகும்?"

குரு சிரிப்பார். வேறு ஏதாவது வேலையை எடுத்துக் கையில் கொடுப்பார்.

அந்த வருஷம் அதற்கு வேளை வந்தது. பழைய கார்களுக்கென்றே ஒரு மலையேற்றப் பந்தயம். ஆனைமலைப் பக்கம் ஒரு எஸ்டேட் ரோட்டில், ஒவ்வொரு காராகக் கீழேயிருந்து உச்சிக்கு விரட்ட வேண்டும். குறைந்த நேரத்தில் ஏறுகிறவருக்குக் கோப்பை. சிவப்புக் காரை குருவே ஓட்டுவதாக இருந்தார். நாள் நெருங்கியபோது பார்த்தால், பின்பக்கம் இடது ஆர்ம் துருப்பிடித்து விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

ஆர்ம் என்றால், பின்சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்தும் இரும்புக் கை. பார்க்க ஒரே கட்டியாகத் தெரியும். ஆனால் கட்டி இல்லை. அழுத்தி வளைத்த இரண்டு தகடுகள், கும்பிட்ட உள்ளங்கைகள் மாதிரி ஓரத்தோடு ஓரம் சேர்ந்திருக்கும். நடுவில் காலி. அந்தக் காலிக்குள் குறுக்கே ஒரு சின்னத் தகடு. வளைவில் மொத்த பாரமும் வந்து விழும்போது ஆர்ம் டால்டா டப்பாவாக நசுங்காமல் நிற்பது அந்தச் சின்னத் தகட்டால்தான்.

குரு பழைய ஆர்மை வெட்டிப் பிளந்து மாரப்பன் முன்னால் வைத்தார்.

"உள்ள என்ன இருக்குதுன்னு பாத்துக்குங்கண்ணா. புதுசு நீங்க செய்யுங்க."

மாரப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தகட்டை வெட்டினார், வளைத்தார், உள்தகட்டை வைத்து வெல்டிங் பிடித்தார், மூடினார். வெல்டிங் ஓடிய இடமெல்லாம் புழு ஊர்ந்த மாதிரி மேடு. கேட்டுக்காரர் கண்ணுக்கு அது ஆகுமா? கிரைண்டரை எடுத்து, மேடு போய்க் கண்ணாடியாக வழுவழுக்கும்வரை தேய்த்தார். பிறகு குருவைக் கூப்பிட்டார்.

"அம்மணி, வந்து பாருங்க! கை வெச்சுப் பாருங்க. எங்க ஒட்டியிருக்குதுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்!"

குரு கை வைக்கவில்லை. ஆர்மை வைஸில் இறுக்கினார். முனையில் நீளமான ஒரு பைப்பைச் சொருகினார். பைப்பில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினார்.

படக் என்று ஒரு சத்தம். ஒட்டியிருந்த இடம் வாய் பிளந்தது.

மாரப்பன் வாயும்தான்.

குரு அதை இன்னும் கொஞ்சம் நெம்பித் திறந்தார். உள்தகடு கழன்று டங்கென்று தரையில் விழுந்தது. அதன் ஓரமும் பளபளவென்று இருந்தது.

"உள்ளேயுமா தேய்ச்சீங்க?"

"ஆமாங்க. ஆரும் பாக்காத இடம்னு அரைகுறையா உட்டுருவனாங்க?"

"ஆரும் பாக்காத இடத்துல ஆருக்காகத் தேய்ச்சீங்க?"

மாரப்பன் கிழிந்த ஓரத்தை எடுத்துப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்து, அங்கே வெல்டிங் காகிதமாக மெலிந்திருந்தது. பிடித்து நிற்க வேண்டியதையெல்லாம் அவரே பொடியாக்கி ஷெட்டுத் தரையில் கொட்டியிருந்தார்.

குரு கை கழுவப் போய்விட்டார்.

மறுபடி வெட்டினார் மாரப்பன். மறுபடி வளைத்தார். இந்த முறை கிரைண்டரின் வயரைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை ஷெட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார். தன் கையை அவருக்கே நம்ப முடியவில்லை. உள்தகட்டுக்கு வெல்டிங் பிடித்தபோது மேடு மேடாகத்தான் வந்தது. அசிங்கமாகத்தான் இருந்தது. அப்படியே விட்டார். மூடுவதற்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

"அம்மணி, ஒருக்கா உள்ள பாத்துருங்க. தப்பிருந்தாச் சொல்லுங்க. மூடிட்டா அப்பறம் தெரியாதுங்க."

குரு அவர் முகத்தைப் பார்த்தார். டார்ச்சை வாங்கி அணைத்தார்.

"மூடுங்கண்ணா."

"பாக்காமயே மூடறதுங்களா? வண்டியில உக்காரப் போறது நீங்க. சக்கரம் கழண்டா ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளமுங்க."

"மூடுங்கண்ணா."

மூடினார். மூடியதை வைஸில் இறுக்கி, பைப்பைச் சொருகி, இவரே தொங்கினார். பத்தாதென்று வாட்ச்மேனையும் கூப்பிட்டுத் தொங்கச் சொன்னார். பைப் வளைந்தது. ஆர்ம் அசையவில்லை. அப்படியும் இன்னொரு தடவை தொங்கிப் பார்த்தார்.

பந்தயத்தன்று காலையில் ஜெயச்சந்திரன் வந்தார். மில்லுக்காரர் வீட்டுப் பையன், போன வருஷம் கோப்பையைத் தூக்கியவர். குனிந்து சிவப்புக் காரின் அடியைப் பார்த்தார்.

"என்னங்க வாணி, கேட்டுக்காரரை வெச்சு வண்டி கட்டியிருக்கீங்களாமா? அடியில தாழ்ப்பாக் கொண்டி வெச்சிருக்காரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வெச்சிருக்கறனுங்க தம்பி. அம்மணி முன்னால போயிட்டு, பின்னால வாறவங்க நுழையாமச் சாத்திக்கோணுமில்லீங்க?"

இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஜெயச்சந்திரனும் சிரித்துவிட்டார். ஆனால் மலையேறியபோது அவர் சிரிக்கவில்லை. பேய் பிடித்த மாதிரி ஏறினார். உச்சியில் அவருடைய நேரத்தை மைக்கில் சொன்னபோது, "முடிஞ்சுது, இதுக்கு மேல ஆரு?" என்று கூட்டம் கலையவே தொடங்கியது.

கடைசியாக சிவப்புக் கார்.

மாரப்பன் உச்சியில் நின்றார். கடைசி வளைவைத் தவிர மற்றவை அங்கிருந்து தெரியாது. சத்தம் மட்டும்தான் வரும். கீழே எஞ்சின் உறுமியது. முதல் வளைவு. உறுமல் சட்டென்று தணிந்தது. மாரப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தணிந்த சத்தம் தயங்கித் தயங்கி வெளியே வந்தது. இரண்டாம் வளைவு. இந்த முறை தணியவில்லை. மூன்றாவதில் டயர் கிறீச்சிட்டது. அடுத்ததில் அதுகூட இல்லை, ஒரே இழுப்பு. மலை முழுக்க அந்தச் சத்தம் உருண்டு மேலே மேலே வந்தது. "அம்மா தாயே, என்ன இப்படிப் போறாங்க?" என்றார் பக்கத்தில் நின்ற டீக்காரர். மாரப்பன் தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கினார்.

கடைசி வளைவில் சிவப்பாக ஏதோ பளிச்சிட்டது. அடுத்த கணம் புழுதியும் காற்றுமாகக் கோட்டைக் கடந்து போயிருந்தது.

மைக்கில் நேரத்தைச் சொன்னவர் ஒருமுறை சொல்லி, நம்ப முடியாமல் மறுபடி பார்த்துச் சொன்னார். ஜெயச்சந்திரனைவிட நான்கு வினாடி குறைவு. கூட்டம் ஓவென்று கத்தியது. யாரோ பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். ஜெயச்சந்திரனே ஓடிவந்து கார்க் கதவைத் திறந்துவிட்டார். குருவின் கழுத்தில் மாலைமேல் மாலை விழுந்தது.

"எங்கீங்க உங்க கேட்டுக்காரரு? அவருக்கும் ஒரு மாலை போடோணும்!" என்றார் ஜெயச்சந்திரன்.

எங்கே தேடியும் காணோம். கடைசியில் காருக்குப் பின்னால் இரண்டு கால்கள் நீட்டியிருப்பதைக் கண்டார்கள்.

மாரப்பன் புது வெள்ளைச் சட்டையோடு புழுதியில் மல்லாந்து கிடந்தார். சூடு ஆறாத ஆர்மைத் துண்டால் பிடித்து, ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டிருந்தார். கல் பட்டுச் சிராய்த்திருந்தது. புழுதி அப்பியிருந்தது. வெல்டிங் மட்டும் ஓரிடத்திலும் விரிசல் விடவில்லை.

குரு மாலையோடு குனிந்து, காருக்கு அடியில் முகத்தை நீட்டினார்.

"வெளிய வாங்கண்ணா, எல்லாரும் தேடறாங்க."

"வாறனுங்க அம்மணி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒருக்காக்கூட உள்ள பாக்காம இதும்மேல உக்காந்து இந்தப் போக்குப் போனீங்களே. மனசுக்குள்ள என்னதாங்க நெனச்சீங்க?"

குரு மாலை மண்ணில் படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மொத வளைவுல உங்களை நெனச்சனுங்கண்ணா. பயந்துட்டுத்தான் திருப்புனேன்."

"அப்பறமுங்க?"

"அப்பறம் மறந்துட்டேன்."

மாரப்பன் காருக்கு அடியிலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆனது.