கைக்கு மேலே போன செங்கல்

ஊருக்கு வெளியே ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. தரைத்தளம் முடிந்து மாடிச் சுவரைத் தொடங்கியிருந்தார்கள். வாசலில் அடுக்கியிருந்த செங்கற்களில் ஒன்றுக்கு மட்டும் தன்னைப் பற்றிப் பெரிய நினைப்பு. சூளையில் நன்றாக வெந்த கல். தட்டினால் கணீரென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை அதுவே கொஞ்சம் அதிகமாகக் கேட்டுவிட்டது.

"நீங்களெல்லாம் பூச்சுக்குப் பின்னால் மறையப் போகிறவர்கள். நான் மேலே போகப் பிறந்தவன்" என்றது.

"நாங்களும் மேலேதானே போகிறோம்?" என்றது பக்கத்துக் கல்.

"சாரத்தில் நிற்கிற சந்தனத்தின் கை வரைக்கும். அதெல்லாம் ஓர் உயரமா?"

கொம்பையா கீழே நின்று கல் வீசுவான். அவன் மனைவியின் தம்பி சந்தனம் சாரத்தில் நின்று பிடிப்பான். சந்தனத்தின் நெஞ்சுக்கு நேரே வரும்போது கல்லின் வேகம் தீர்ந்து, ஒரு கணம் காற்றில் நிற்கும். அந்தக் கணத்தில் கை அதை வாங்கிக்கொள்ளும். வலிக்காது. வீசியவன் அண்ணாந்து பார்ப்பதில்லை, அடுத்த கல்லுக்குக் குனிந்துவிடுவான். மேலே கை இருக்கிறது என்ற நம்பிக்கை.

அன்று இரண்டொரு கற்கள் தாழ்ந்து வந்தன.

"என்ன மச்சான், அக்கா இன்னைக்குச் சோறு போடலையா? கல்லு முழங்காலுக்கே வரமாட்டேங்குது!"

"உங்கக்கா வச்ச குழம்பைத் தின்னுட்டு இவ்வளவு வீசுறதே பெருசு மாப்ளே!"

மேலே சுவர் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் சிரித்தார். கொம்பையாவும் சிரித்தான். ஆனால் சுருக்கென்று தைத்திருந்தது. அடுத்து அவன் கையில் வந்தது கணீர்க் கல். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வீசினான், வழக்கம்போலக் குனிந்துவிட்டான்.

கல் வந்த வேகத்தைப் பார்த்ததும் விரல் போய்விடும் என்று சந்தனம் கையை இழுத்துக்கொண்டான். செங்கல் அவனைத் தாண்டி ஏறியது. ஏற ஏற வேகம் குறைந்தது.

"காலைப் பிடித்து இழுக்காதே" என்றது செங்கல்.

"எல்லாரையும் இழுக்கிற மாதிரிதான் உன்னையும் இழுக்கிறேன்" என்றது பூமி.

சாரத்தின் உச்சிக் கம்புக்கும் மேலே போய் செங்கல் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தண்ணீர்த் தொட்டியும் பேருந்து நிலையமும் அங்கிருந்து தெரிந்தன.

"பார்த்தாயா! அலுத்துப்போய் என்னை விட்டுவிட்டாய்."

"நான் எங்கே விட்டேன்? முன்னே எவ்வளவு இழுத்தேனோ, இப்போதும் அவ்வளவுதான் இழுக்கிறேன். உன்னிடம் இருந்த வேகம் தீர்ந்துவிட்டது. அதுவும் கொம்பையா கொடுத்தது."

செங்கல் பதில் யோசிப்பதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. ஏறும்போது எந்தக் கம்பை எந்த வேகத்தில் கடந்ததோ, இறங்கும்போதும் அதே வேகத்தில் கடந்தது. கீழே கொம்பையாவின் குனிந்த பிடரி தெரிந்தது. அப்போதுதான் அதற்குத் தன் எடை உறைத்தது.

"கீழே ஆள் இருக்கிறான்! என்னை விட்டுவிடேன்!"

"எனக்கு விடத் தெரியாது" என்றது பூமி.

"மச்சான், தள்ளு!"

சந்தனத்தின் குரல் கேட்டதும், ஏன் எதற்கென்று பார்க்காமல் கொம்பையா பக்கவாட்டில் பாய்ந்தான். அவன் நின்ற இடத்தில் செங்கல் விழுந்து இரண்டாகப் பிளந்தது. அவன் கையிலிருந்து என்ன வேகத்தில் கிளம்பியதோ, அதே வேகத்தில் திரும்பி வந்திருந்தது.

சந்தனம் சாரத்துப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு ஏதாவது ஆகியிருந்தா அக்கா முகத்துல எப்படி மச்சான் முழிப்பேன்?"

"கடைசி வரைக்கும் குழம்பைக் குறை சொல்லிட்டுத்தான் போனார்னு சொல்லியிருப்பே" என்றான் கொம்பையா, பிடரியைத் தடவிக்கொண்டே.

கொத்தனார் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "மூலைக்கு ஒரு அரைக்கல் வேணும்ப்பா."

கொம்பையா உடைந்த பாதிகளில் ஒன்றை எடுத்தான். இந்த முறை அண்ணாந்து பார்த்து, அளவாக வீசினான்.

அரைக்கல் பேசாமல் ஏறியது. சந்தனத்தின் நெஞ்சுக்கு நேரே அதன் வேகம் தீர்ந்தது. போன முறையும் இப்படித்தான் நின்றது. அங்கே தொட்டி தெரிந்தது, பேருந்து நிலையம் தெரிந்தது, கை மட்டும் இல்லை. இப்போது எதிரில் இரண்டு உள்ளங்கைகள் விரிந்திருந்தன.

கல்லைக் கை வாங்கியதைப் பார்த்த பிறகே கொம்பையா அடுத்ததற்குக் குனிந்தான்.

கொத்தனார் மூலையில் கலவை போட்டு அரைக்கல்லை வைத்துத் தட்டினார். அதன்மேல் இன்னொரு கல் உட்கார்ந்தது. பூமி அப்போதும் இரண்டையும் விடவில்லை, ஒன்றன்மேல் ஒன்று அழுந்தும்படி இழுத்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான் சுவர் நின்றது.