ஓலையில் எழுதிய ஊசி

முத்தாழைத் துறையை ஆண்ட கடலாடிராயருக்குச் சீன எழுத்தில் ஒன்றே ஒன்று தெரியும். ஊசி என்று பொருள்படும் 針. பீங்கான் விற்க வந்த ஒருவரிடம் கற்றது. தெரிந்தது ஒன்றானாலும், மீசையை முறுக்குவது என்னவோ நூறு தெரிந்தவர் மாதிரிதான்.

மகளின் கல்யாணப் பட்டில் பூவேலை செய்ய நல்ல ஊசி வேண்டியிருந்தது. சீனர், ஜப்பானியர், கொரியர் என மூன்று கப்பல் தலைவர்கள் துறையில் காற்றுக்குக் காத்திருந்தார்கள். மூவரும் அந்த எழுத்தைப் படிப்பவர்கள். அரசர் தம் கையாலேயே ஆளுக்கோர் ஓலை எழுதி அனுப்பினார்.

மறுநாள் மூவரும் சபைக்கு வந்தார்கள். சீனர் திசை காட்டும் முள்ளை நீட்டினார். ஜப்பானியர், "ஹரி" என்று குனிந்து தூண்டில் முள்ளை வைத்தார். கொரியர், "சிம்" என்று சொல்லி, வைத்தியர்கள் வலி தீரக் குத்தும் ஊசியை எடுத்து அரசரின் முழங்காலையே பார்த்தார்.

"ஊசி கேட்டால் ஒருவன் பெருமாளைக் கூப்பிடுகிறான், ஒருவன் என்னையே குத்தப் பார்க்கிறான்!" என்று கொதித்தார் அரசர்.

காரியக்காரர் அம்பலத்தான் மெல்ல எழுந்தார். "எழுத்து ஒன்றுதான், அரசே. ஊருக்கு ஊர் ஓசை வேறு, ஊசியின் வேலையும் வேறு. தையல் ஊசி என்று எழுதியிருந்தால்…"

அவ்வளவு சீனம் அரசருக்கு வராது. அதைச் சபையில் எப்படிச் சொல்வது? அம்பலத்தான் விழுங்கிக்கொண்டார்.

"சாக்கு வேண்டாம்! இன்றிலிருந்து என் நாட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். இரண்டாவது பொருள் கொள்கிறவன் நாக்கில் இந்தத் தூண்டில் முள் ஏறும். இவர்களை உள்ளே தள்ளிக் களி தின்ன வையும்!"

நாளைக்குக் காற்று கிளம்பிவிடும். அதைத் தவறவிட்டால் மூவரும் ஓராண்டு வீடு திரும்ப முடியாது. மொழி புரியாமல் மூவரும் விழித்த விழிப்பு அம்பலத்தானை என்னவோ செய்தது.

"உத்தரவு, அரசே" என்றார்.

மதியம் அரசர் சாப்பிடப் போனார். அரண்மனைப் பந்தியில் மூவரும் வாழை இலை முன் உட்கார்ந்திருந்தார்கள். நெய் ஒழுகும் இனிப்புக் களியைக் கரண்டியால் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார் அம்பலத்தான்.

"உள்ளே தள்ளச் சொன்னேனே!"

"தள்ளினேன், அரசே. வாசலில் தயங்கினார்கள். முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டேன்."

"களி தின்ன…"

"சீனர் மூன்றாம் முறை கேட்டு வாங்கிவிட்டார்."

"அடேய்! சிறையில் போடு என்றல்லவா அதற்குப் பொருள்!"

"அது இரண்டாவது பொருள், அரசே. எனக்கு இருப்பது ஒரே நாக்கு."

அரசர் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாளே கப்பல்கள் கிளம்பின. போகும்போது அம்பலத்தான் கல்யாணப் பட்டைக் காட்டித் தைப்பதுபோல் சைகை செய்ய, சீனர் ஒரு பொட்டலம் தையல் ஊசி கொடுத்துவிட்டுப் போனார். அப்படிக் கேட்டிருந்தால் முதல் நாளே தந்திருப்பார்!

"உமக்கு என்ன பரிசு தரலாம், சொல்லும்" என்றார் அரசர்.

"எதுவானாலும் கையில் கொடுத்துவிடுங்கள், அரசே. ஓலையில் மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம்!"