தத்தை விட்ட பற்று

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன். நாகப்பட்டினத்தில் எட்டிநாகன் என்று ஒரு முத்து வியாபாரி. அவர் வீட்டு அடிமை தத்தை. என்றைக்கு விடுதலை என்று ஏங்கிக் கிடந்தவள்.

ஒருநாள் புத்த விகாரையில் கூடிய சபைக்கு, தேரர் என்ற மூத்த துறவி, "மூச்சைக் கவனித்து உட்காருங்கள். எதை விடவே முடியாதோ, அந்தப் பற்றை முதலில் விடுங்கள்" என்றார். வியாபாரிக்கு உட்காரப் பொறுமை இல்லை.

"எனக்குப் பதிலா இவ உட்காருவா. இவ விட்டா நான் விட்ட மாதிரி" என்று சபை நடுவே சொல்லிவிட்டார்.

தத்தை பகலெல்லாம் அசையாமல் உட்கார்ந்தாள். சாயங்காலம் சபை மறுபடி கூடியபோது வியாபாரி வந்து, "என்னத்தடி விட்டே?" என்றார்.

"உங்க முத்தைத்தான் முதல்ல நெனச்சேன், ஐயா. அதைக்கூட நல்ல விலை வந்தா விட்டுடுறீங்க. என்னைத்தான் ஒருநாளும் விட்டதில்ல. குளிக்க, சாப்பிட, செருப்பு மாட்டக்கூட நான் வேணும். அதனால உங்க பேர்ல என்னை விட்டுட்டேன்."

சபை கொல்லென்று சிரித்தது. "அது செல்லாது" என்றார் வியாபாரி.

"அப்ப நான் உட்கார்ந்ததும் செல்லாதுங்க. வாங்க, நீங்களே உட்காருங்க" என்று தத்தை நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

அவர் பாயைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். "சரி, விட்டாச்சு போ" என்று முனகினார்.

தத்தை போகவில்லை. "பின்னால இருக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லிடுங்க, ஐயா" என்றாள். அவர் உரக்கச் சொன்ன பிறகுதான் படியிறங்கினாள்.