வீட்டு உரிமையாளர் சொன்ன சாட்சி

ஆலங்கரைக் கோயில் வசந்த மண்டபத்தில் வீடற்றோர் பட்டியலைத் திருத்திய அன்று, மேசைக்குப் பின்னால் வருவாய் ஆய்வாளர் தங்கவடிவேலு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் முக்காலியில் வைத்தீசுவரக் குருக்கள். தூணில் சாய்ந்து டீக்கடை மாசானம். தரையில் நாற்பத்தொரு பேர். அவர்களில் முதல் ஆளாக அபரஞ்சி அம்மையார், புளியால் கறுத்த விரல்களோடு.

அம்மையார் கோயில் விளக்குகளைத் துலக்குபவர். ஒவ்வொன்றையும் கவிழ்த்து வைக்கும்போது “கரைநாதா” என்று சுவாமியை அழைப்பார். கூலி, கோயில் பிரசாதமாக ஒரு பட்டைச் சோறு.

வாய்க்காலை அகலப்படுத்த அவர் குடிசையை இடித்தார்கள். மாற்று வீடு கணவர் பெயரில் என்றார்கள். கணவர் இறந்ததும் பெயரை அடித்தார்கள். ஊருக்குள் கேட்டால், தனிக் கிழவிக்கு வாடகைக்கு விடுவதில்லையாம். இப்படி ஆளுக்கொரு காரணத்தால் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தவர்களே அந்த நாற்பத்தொரு பேரும். மரத்தேர் தகரக் கொட்டகைக்குள் பத்திரமாக நிற்க, மனிதர்கள் அதற்கு வெளியே படுத்தார்கள். மழை வந்தால் உட்கார்ந்தே இரவைக் கழிப்பார்கள்.

முந்தைய கணக்கெடுப்பில் “வீடு உண்டா?” என்று கேட்டபோது, அம்மையார் கோபுரத்தைக் காட்டி “உண்டு, நாதர் வீடு” என்றார். பின்னால் நின்றவர்களும் கைகூப்பி அதையே சொன்னார்கள். எழுத வந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘உண்டு, உண்டு’ என்று நாற்பத்தொரு முறை எழுதினார். ஆலங்கரையில் வீடற்றோரே இல்லை என்று அறிக்கை போயிற்று! இதை யாரிடம் சொல்லி முட்டிக்கொள்வது?

“அம்மா, இன்னிக்குத்தான் கடைசி. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாத்திடறேன்,” என்றார் ஆய்வாளர்.

“அவரு வாசல்லயே உக்காந்துக்கிட்டு வீடில்லேன்னு எந்த வாயால சொல்றதுங்க?”

“கோபுரம் வச்ச பங்களா! கரண்டு பில்லு ஒன் பேர்லதானா ஆத்தா?” என்று மாசானம் சிரித்தான்.

கைக்குழந்தையோடு இருந்த செவந்தி தயங்கினாள். “நீ சொல்லாம நாங்க சொல்ல மாட்டோம் ஆத்தா. ஆனா புள்ளைக்கு நெஞ்சுச்சளி விடவே மாட்டேங்குது.”

அம்மையார் திரும்பிக் குழந்தையைப் பார்த்தார். “என் வாயாலயா இத்தன பேரும் நனையுறாங்க? கரைநாதா, நீயே சொல்லிடு.”

குருக்கள் முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். “வீட்டுக்காரர் அவர்தானே? அவரையே கேட்டுடறேன்!”

சுவாமி முடியில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம் என்பது அவ்வூர் வழக்கம். குருக்கள் சன்னதிக்குள் போய்ச் செவ்வரளி ஒன்றை வைத்தார். “இவாளுக்கு வீடில்லேன்னு உம்ம பேர்ல எழுதட்டுமா?” கேட்டு வாய் மூடுமுன் செவ்வரளி வலப்பக்கம் சரிந்து, அம்மையார் அன்று துலக்கிய விளக்கின்மேல் விழுந்தது. மாசானத்தின் சிரிப்பு அடங்கியது.

குருக்கள் எழுதினார்: “எம் வீட்டில் இரவு நடை சாத்திவிடுவார்கள், எவரும் தங்க இயலாது. கீழ்க்கண்ட நாற்பத்தொருவரும் வெளியே நனைகிறார்கள். அவர்களுக்கு வீடு இல்லை. இதற்கு யாமே சாட்சி.”

“சாமி எந்தக் கட்டத்துல கையெழுத்துப் போடுவாரு?” என்றார் ஆய்வாளர், தலையைப் பிடித்துக்கொண்டு.

“வீட்டு உரிமையாளர்னு ஒரு கட்டம் இருக்கே ஓய்!”

“எம் பேரக் கடைசியாப் போடுங்க,” என்றார் அம்மையார்.

திருத்திய பட்டியலோடு கடிதத்தை ஆய்வாளர் உறையிலிட்டார். பெறுநர், மாவட்ட ஆட்சியர். அனுப்புநர், ஆலங்கரை நாதர், சன்னதித் தெரு. தம் நாதன் வாசலில் இருந்துகொண்டு வீடில்லை என்று சொல்ல வாய் வராத அம்மையார், நாதனே தமக்காகச் சொன்ன அந்த உறையில், புளி மணக்கும் விரல்களால் கோயில் முத்திரையை அரக்கில் அழுத்தினார். அவ்விரல்கள் வாழ்க. பதிவுத் தபால் அன்று மாலையே போயிற்று.