நாரைக்குப் பொன் கொண்டை வந்த கதை

பறவைகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், நைஜர் ஆற்றங்கரையில் மாலிப் பேரரசு செழித்திருந்தது. அங்கே மண்ணைத் தோண்டினால் பொன் கிடைக்கும். புத்தகம்தான் கிடைக்காது. அது பாலைவனம் தாண்டி, ஒட்டகத்தின் மேல் வரவேண்டும்.

ஒருமுறை அந்நாட்டு மன்னர் தூரதேசம் போய், ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களோடு திரும்பினார். டிம்பக்டு நகரத்து ஆசிரியை தெனினை அழைத்தார்.

"இவற்றை உங்கள் ஊருக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டுங்கள்" என்றார். கட்டடச் செலவுக்கு ஒரு மூட்டைப் பொன்தூளும் கொடுத்தார்.

பெட்டியையும் மூட்டையையும் படகில் ஏற்றிக்கொண்டு தெனின் புறப்பட்டாள். படகோட்டியின் பெயர் மாமூரு. ஆறு ஏரிபோல் விரியும் இடத்தில் சூறைக்காற்று பிடித்துக்கொண்டது. படகு மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. அலைகள் தண்ணீரை உள்ளே வாரி இறைத்தன.

நாணலுக்குள்ளிருந்து ஒரு நாரை எட்டிப் பார்த்தது. மொட்டைத் தலை, நீண்ட கால்.

"படகோட்டியாரே, ஆற்றில்தானே ஓட்டுவார்கள்? மணலில் ஏன் ஓட்டுகிறீர்?"

"கேலி பிறகு செய்! இந்தக் கயிற்றைப் பிடித்து இழு!" என்று மாமூரு கத்தினான்.

நாரை கயிற்றை அலகில் கவ்வி இழுத்தது. படகு ஆடியது, நகரவில்லை.

"பாரம் அதிகம், அம்மா. பெட்டியா மூட்டையா, ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும்" என்றான் மாமூரு.

தெனின் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பொன் போனால் பள்ளிக்கூடம் இல்லை. புத்தகம் போனால் பள்ளிக்கூடம் எதற்கு? மூட்டையின் வாயை அவிழ்த்து, அப்படியே ஆற்றில் சாய்த்தாள்.

காற்று பொன்தூளை அள்ளி வீசியது. நனைந்திருந்த நாரையின் தலையில் அது பொலபொலவென்று விழுந்து ஒட்டிக்கொண்டது. படகு திட்டைவிட்டு மிதந்தது. உதறி உதறிப் பார்த்தும் போகாத பொன்னோடு நாரையும் பின்னாலேயே வந்தது.

டிம்பக்டு துறையில் ஊரே மேளத்தோடு காத்திருந்தது. தெனின் படகைவிட்டு இறங்கவில்லை.

"பள்ளிக்கூடம் கட்டவேண்டிய பொன்னை ஆற்றில் கொட்டிவிட்டேன்" என்று அழுதாள்.

கொத்தனார் பக்காரி வாய்விட்டுச் சிரித்தார். "பொன்னைக் குழைத்து யாரம்மா சுவர் வைப்பார்கள்? கரை முழுக்க மண் கிடக்கிறதே! இறங்கி வா!"

அவ்வளவுதான். கூடையோடு ஒரு கூட்டம் ஆற்றுக்கு ஓடியது. சிலர் மண் சுமந்தார்கள், சிலர் தண்ணீர் ஊற்றினார்கள், மேளத்துக்கு ஏற்றபடி எல்லோரும் சேறு மிதித்தார்கள்.

"எனக்கு வேலை இல்லையா?" என்றது நாரை.

"அவ்வளவு நீளக் கால் வைத்துக்கொண்டு கேள்வி வேறா? மிதி!" என்றார் பக்காரி.

நாரை சேற்றில் குதித்தது. எம்பியது, குனிந்தது, சிறகு விரித்துச் சுழன்றது. தலையில் பொன் மின்னியது. அதைப் பார்த்துத் தெனினும் சிரித்துக்கொண்டே சேற்றில் இறங்கினாள். மழைக்கு முன்பே சுவர் எழும்பி, கூரையும் ஏறியது. பெட்டியைத் திறந்தபோது ஒரு தாள்கூட நனைந்திருக்கவில்லை. செய்தி கேட்ட மன்னர், "பொன்னை மறுபடி தோண்டிக்கொள்ளலாம்" என்றாராம்.

அன்றிலிருந்துதான் அந்நாட்டு நாரைகள் தலையில் பொன் கொண்டையோடு வளர்கின்றன. ஈர மண்ணைக் கண்டதும் சிறகு விரித்து ஆடத் தொடங்கிவிடுகின்றன.