விதைக் கலயம்

மொட்டப்பாறை மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து மூன்று. குரு முன்பு லாரியில் மூட்டை ஏற்றியவர். சீடர் வைத்தியலிங்கம் விவசாயத் துறையில் விதை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்று, சித்திரையில்தான் மடத்துக்கு வந்தார். குரு சீடரை ‘அய்யா’ என்பார். சீடர் குருவை ‘சாமி’ என்பார். ஊருக்கு அது முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஆனி மாதம் ஓர் அறக்கட்டளை, பாறைக்குக் கீழே இருந்த ஊரின் மானாவாரிக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. வீட்டுப் பெண்ணின் பெயரில், நேராக வங்கிக் கணக்கில். இன்னதற்கு என்று கேட்கவில்லை. திருப்பித் தரவும் வேண்டாம். பாதி ஆனியில், மீதி மார்கழியில். மடத்துக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் வந்தது. யாராவது பணத்தை வீணாக்கினால் எழுதுங்கள், அவர்களுக்கு மீதியை நிறுத்திவிடுகிறோம்.

குரு படித்துவிட்டு வைத்தியலிங்கத்திடம் நீட்டினார்.

“எழுத்து வேலை உங்களுக்குத்தான் கைவந்தது, அய்யா.”

ஆடியில் அவர் வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில் கூரைக்குத் தகரம் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் வெள்ளாடு குட்டி போட்டிருந்தது. இன்னொரு வீட்டில் கிழவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்தக் கிழவர் பச்சைக் கண்ணாடியோடு எல்லோரையும் புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியலிங்கத்துக்கு மனம் நிறைந்தது.

கடைசியாகப் போனது சீனித்தாய் வீட்டுக்கு. அவள் புருஷன் செந்தட்டி வாசலில் கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். தை பிறந்தால் செங்கல் சூளைக்குப் போய் ஆனியில் திரும்புகிறவன். முன்பணம் வாங்கியவனை நடுவில் ஊருக்கு விடமாட்டார்கள். மீதிப் பணம் வந்தால் வருகிற தையில் போகவேண்டியதில்லை. அதை அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

“வாங்கய்யா. சாமியாராகியும் முளைப்புத்திறன் பாக்கிறத விடலயா?”

“நீ முளைச்சிருக்கியான்னு பாக்க வந்தேன்.”

“மழ பெஞ்சாத் தெரியும்.”

பின்முற்றத்தில் அடுப்பு எரிந்தது. அக்கம்பக்கத்துச் சிறுமிகள் நாலு பேர் வட்டிலோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சீனித்தாய் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மண் கலயம். அதன் வாயைப் பூசியிருந்த களிமண் உடைந்து கிடந்தது. முறத்தில் சாம்பல் ஒட்டிய கம்பு.

வைத்தியலிங்கம் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம். பத்துக்கு ஒன்பது முளைக்கும்.

“இது விதைக் கம்புல்ல?”

“ஆமாய்யா.”

“விதையவா காய்ச்சிற?”

“வெதைக்கக் கடையில பாக்கெட்டு வாங்கியாச்சு. இப்பத்தான் காசு இருக்கே.”

தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். அவருக்கு அது திமிராகப் பட்டது.

“ஒரு வாய் குடிங்கய்யா.”

“விதையக் குடிக்கிற அளவுக்கு நான் கெட்டுப் போகல.”

வாசலில் கட்டில் கயிறு இழுபடும் சத்தம் நின்றுவிட்டது.

மடத்துக்கு வந்ததும் அறக்கட்டளைக்கு எழுதினார். இந்தக் குடும்பத்துக்கு மீதியைக் கொடுக்க வேண்டாம் என்று ஒரே வரி. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குரு அறுந்த செருப்புக்கு வார் கோத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, பாடுபடாம வந்த காசு மனுஷனை என்ன செய்யும்?”

குரு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சீடர் கண்டதையெல்லாம் கேட்டார். பிறகு ஊசியை எடுத்தார்.

“கஞ்சி எப்படி இருந்துச்சு?”

“நான் குடிக்கல.”

“அப்பப் பாதிதான் பாத்திருக்கீக. காலையில நானும் வாரேன்.”

மறுநாள் காலை குரு போய்ச் சிறுமிகளின் வரிசையில் கடைசியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வைத்தியலிங்கம் சுவரோரம் நின்றார். சீனித்தாய் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கலயத்தின் பக்கத்தில் வைத்தாள். அதை யாரும் எடுக்கவில்லை. அதன் பிறகே மற்றவர்களுக்கு ஊற்றினாள்.

“கலயத்த எப்பம்மா மூடுனது?” என்றார் குரு.

“போன வருசம் தையில, சாமி. புரட்டாசில மழ இல்ல. வெதைக்காமலே இருந்துச்சு.”

“அப்புறம் இந்த மாசியில?”

அவள் அகப்பையைச் சட்டியின் மேல் வைத்தாள்.

“மாசியில வீட்டுல ஒரு மணி தானியமில்ல. இது மட்டுந்தான். எங்க புள்ள பவளம் இது பக்கத்துலயே உக்காந்திருக்கும். வெரலால தட்டிப் பாக்கும். சத்தமே வரலம்மா, நெறையா இருக்குன்னு சொல்லும். காய்ச்சல் வந்தப்பக் கேட்டுச்சு, இதுல கொஞ்சம் காய்ச்சும்மான்னு. வெதைடி, தொடக்கூடாதுன்னேன்.”

வைத்தியலிங்கத்துக்கு வாய் முந்திக்கொண்டது.

“பிள்ளைக்குக் காய்ச்சியிருக்கலாமேம்மா.”

அவள் முதல்தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமில்லை.

“நீங்கதானய்யா சொன்னீக. ஆபீசரா வந்தப்பப் பள்ளிக்கூடத்து முன்னால கூட்டம் போட்டு, என்ன வந்தாலும் வெதைக் கலயத்தத் தெறக்காதீகன்னு. எல்லாரையும் கையடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னீக. நான் முன்வரிசையில இருந்தேன். மடியில இருந்து அதுவும் ஒங்க கையில அடிச்சுச்சு. நீங்க சிரிச்சீக.”

அவருக்கு அந்தக் கூட்டம் நினைவிருந்தது. அப்படி எத்தனையோ ஊர், எத்தனையோ கூட்டம். எந்தக் குழந்தையும் நினைவில் இல்லை.

“எட்டு நாள்ல போயிருச்சு. அவுக சூளையில சொல்லிட்டு வந்து சேருறதுக்குள்ள எடுத்தாச்சு. இப்ப வெதைக்க வேற வந்திருச்சு. இனி இது அதுக்குத்தான். தீருற வரைக்கும் தெனம் காய்ச்சுவேன்.”

செந்தட்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நேற்றைய கேலி அவன் குரலில் இல்லை.

“இதுக்காக மீதிய நிறுத்திருவாகளாய்யா?”

வைத்தியலிங்கம் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்தார். குனிந்து அதை அடுப்புக்குள் வைத்தார். சுள்ளியோடு அதுவும் எரிந்தது. என்ன தாள் என்று யாரும் கேட்கவில்லை.

சீனித்தாய் கலயத்தின் பக்கத்திலிருந்த சின்னக் கிண்ணத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“குடிங்கய்யா. நேத்தும் வெறும் வயித்தோட போயிட்டீக.”

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அவள் சிறுமிகளுக்கு இன்னொரு அகப்பை ஊற்றப் போனாள். ஒரு பிள்ளை போதும் போதும் என்று வட்டிலை மறைத்தது. கிண்ணம் அவர் உள்ளங்கைக்குள் அடங்கியது. அவர் குருவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் வாயருகே கொண்டுபோகவில்லை.

“சாமி,” என்றார் மெல்ல, “இதை நான் எப்படிக் குடிப்பேன்?”

“பணம் வந்த அன்னைக்கு அவளும் மடத்துக்கு வந்து இதத்தான் கேட்டா. இந்தக் காச நான் எப்படித் தொடுவேன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

குரு தன் வட்டிலில் இருந்த கடைசி வாயைக் குடித்து முடித்தார்.

“நான் என்னத்தச் சொல்ல, அய்யா. அவளாத்தான் போயி அடுப்ப மூட்டினா.”