தெரியும் என்று தலையாட்டியவர்

சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கு மேலே, மேகம் வந்து வந்து போகிற இடத்தில் ஒரு சிறிய மடம். அதன் தலைவி செங்கமலத்தம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய மூத்த சீடர் மாசிலாமணிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மலையேறி வந்தார். வந்த இடம் பிடித்துப் போயிற்று.

மடத்துக்கு மூச்சுப் பயிற்சியால்தான் பெயர். ஞாயிறுதோறும் சேலத்திலிருந்து வேனில் ஆட்கள் வருவார்கள். சொல்லிக்கொடுப்பவர் மாசிலாமணி.

"சாப்பிட வாய். மூச்சுக்கு மூக்கு. வாயால மூச்சு விடறவங்க இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது" என்பார். சொல்கிற தோரணையில் எல்லார் வாயும் தானாக மூடிக்கொள்ளும்.

அவருக்கு ஒரே ஒரு தலைவலி இருந்தது. அது தலைவி அம்மாதான்.

முன்பெல்லாம் அம்மா இப்படி இல்லை. போன தை பிறந்ததிலிருந்து கண்டவர்களிடமெல்லாம் கண்டதையும் கேட்க ஆரம்பித்திருந்தார். வங்கி மேலாளர் குடும்பத்தோடு ஆசி வாங்க வந்தார். திருநீறு பூசிவிட்டுக் கையோடு அம்மா கேட்டார்.

"ஓ.டி.பி. வருது வருதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எங்கேயிருந்து வருது?"

மேலாளருக்கு முழி பிதுங்கியது. "மேலேருந்து வரும்மா" என்றார்.

இன்னொரு நாள் பஞ்சாங்கம் வாசிக்க வந்த குருக்களைப் பிடித்துக்கொண்டார்.

"காலண்டர் இல்லாம, வானத்தைப் பார்த்தே இது வளர்பிறையா தேய்பிறையான்னு எப்படிங்க சொல்றது?"

குருக்கள் வானத்தைப் பார்த்தார். பட்டப்பகல். "காலண்டர்தான் இருக்கேம்மா" என்று நழுவினார்.

மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"அம்மா, நாலு பேர் மதிக்கிற இடம் இது. நீங்க இதையெல்லாம் கேட்டா மடத்து மானம் என்னாகிறது?"

"தெரியலை. அதான் கேட்டேன்."

"தெரியலைன்னா என்கிட்ட கேளுங்க. தனியா."

"சரி. வளர்பிறை எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கும்?"

மாசிலாமணி தொண்டையைக் கனைத்தார். முப்பது வருஷம் அரசாங்கத்தின் சார்பில் பதில் சொல்லிப் பழகிய தொண்டை அது. அன்றைக்குக் கனைப்போடு நின்றுவிட்டது.

"குரு பதில்தாம்மா சொல்லணும். கேள்வி நாங்க கேக்கணும்."

"நீங்க கேக்குறதே இல்லையே அய்யா."

இவரிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று தலையிலடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்குச் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அவருக்கு இழுப்பு. விடியற்காலையில் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தோட்டத்துப் படிகளில் பாதியில் நின்று, செடியைப் பார்ப்பது போல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்வார்.

அடிவாரத்து டாக்டர் ஒரு நீல நிற இன்ஹேலரை எழுதிக்கொடுத்தார்.

"இதை இழுக்கத் தெரியுமில்ல?"

மூச்சு இழுக்கத் தெரியுமா என்று மாசிலாமணியிடமே ஒருவர் கேட்டுவிட்டார். அவர் என்ன செய்வார், பாவம். பெரிதாகத் தலையாட்டினார். நர்ஸ் செய்து காட்ட வந்தபோதும், "எல்லாம் தெரியும்மா, நான் சொல்லிக்கொடுக்கிற ஆளு" என்று கையமர்த்திவிட்டார்.

மடத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். பத்மாசனம் போட்டார். கட்டைவிரலால் ஒரு மூக்கை அடைத்து, மறு மூக்கில் இன்ஹேலரை வைத்து அடித்தார். பிறகு பக்கம் மாற்றி அடித்தார். தும்மல்தான் வந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வாயில் வைத்தால் என்ன என்று ஒரு தடவை தோன்றத்தான் செய்தது. சீ, மடத்தில் இருந்துகொண்டு வாயால் மூச்சு இழுப்பதா என்று அந்த நினைப்பையே விரட்டிவிட்டார்.

குப்பி தீர்ந்தது. இழுப்பு தீரவில்லை. இன்னொரு குப்பியும் தீர்ந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார்.

"மருந்து ஒழுங்காத்தானே எடுக்கறீங்க?"

"வேளை தவறாம."

"அப்படின்னா அந்தக் குளிர் உங்களுக்கு ஆகாதுங்க. கீழே இறங்கிடுங்க. மக வீடு சேலத்துலதானே?"

மகள் வீடு சேலத்தில்தான். பால்கனியில் ஒரு நாற்காலி, எதிரே இன்னொரு பால்கனி. மலையை விட்டால் தனக்கு வேறு இடமில்லை என்று அவருக்குத் தெரியும். அழுகையாக வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. டாக்டர் மேல், மருந்துக் கம்பெனி மேல், மேகத்தின் மேல், வளர்பிறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாவின் மேல்.

விடைபெறப் போனார்.

"அம்மா, நான் மக வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்."

அம்மா இருமிக்கொண்டிருந்தார். இருமல் அடங்கியதும் நிமிர்ந்தார்.

"ஏன் அய்யா?"

"முட்டி வலி. படி ஏற முடியலை."

"முட்டி வலிக்கு ஏறுறது சிரமமா, எறங்குறது சிரமமா?"

மாசிலாமணிக்கு முட்டி வலித்ததே இல்லை. "ஏறுறதுதான்" என்றார் உறுதியாக.

"அப்படியா? சமையல்கட்டு ராசாயி எறங்குறதுதான் உசுரு போகுதுன்னு சொல்லுவா."

மாசிலாமணி திருட்டு முழி முழித்தார். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் கேட்காமல் விடுவது என்ன பழக்கமோ என்று அவருக்கு அதற்கும் எரிச்சல் வந்தது.

"போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும்மா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "கேளுங்க, கேளுங்க."

"ஒருத்தனுக்கு எது நல்லாத் தெரியுமோ, அதுவே அவனைக் கைவிடுமா?"

அம்மாவின் கை மடியைத் தொட்டுப் பார்த்தது.

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு. ஞாயித்துக்கிழமை வகுப்பு வரைக்கும் இருங்க. அங்கே பார்க்கலாம்."

ஒரு கேள்வி கேட்டால் அதற்கும் வாய்தா. மாசிலாமணி அறைக்குப் போய்ப் பையைக் கட்ட ஆரம்பித்தார்.

ஞாயிறு காலை வேன் வந்தது. பயிற்சிக் கூடத்தில் எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கட்டிய பையை மாசிலாமணி கூடத்து வாசலிலேயே வைத்திருந்தார். அதே வேனில் கீழே இறங்கிவிடுவது என்று முடிவு. டிரைவரிடமும் சொல்லியாயிற்று.

"வாயை மூடுங்க. மூக்கால் மெதுவா இழுங்க" என்று தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தார். வாசலில் பையைத் தாண்டி, நேராக நடுவில் வந்து நின்றார். மடியிலிருந்து எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினார்.

நீல நிற இன்ஹேலர்.

"இதை எப்படி இழுக்கணும்னு யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியலை."

மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. என் பையைத் துழாவி எடுத்துவிட்டாரே! மூச்சு சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இழுப்பு என்று இனி சேலம் முழுக்கப் பேசும். போகிற நாளில், இத்தனை பேர் முன்னால், மானத்தைக் கப்பலேற்றிவிட்டாரே!

எல்லார் வாயும் மூடியிருந்தது.

முன்வரிசையில் இருந்த துணிக்கடை ஏகாம்பரம் மெதுவாகத் தன் சட்டைப்பைக்குள் கைவிட்டார். அவர் கையிலும் ஒரு நீல இன்ஹேலர் வந்தது.

"நான் கைக்குட்டையில அடிச்சு மோந்து பார்ப்பேங்க" என்றார். "சரியான்னு தெரியாது."

"ஐயய்யோ, அது தப்பு" என்றார் பின்னாலிருந்த பாட்டு டீச்சர் வனமாலா. அவர் கைப்பையிலிருந்தும் ஒன்று வந்தது. "நாக்குல அடிச்சு ஒரு மடக்கு தண்ணி குடிச்சிரணும். நான் அப்படித்தான் செய்றேன்."

"இழுப்புக்கு அது கேட்குதா உங்களுக்கு?" என்றார் ஏகாம்பரம்.

"எங்கே கேட்குது! அதனாலதானே இங்க வர்றேன்."

மாசிலாமணி அவர்களை மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வாரமாக இழுப்பை மறைத்துக்கொண்டு அவரிடம் மூச்சு கற்க வந்திருக்கிறார்கள். அவரும் அவர்களிடம் மறைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்திருக்கிறார்.

"மூக்குல அடிக்கக் கூடாதா?" என்று அம்மா கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

சிக்னல் கிடைக்கிற ஜன்னலோரம் போய் அம்மா, இவர்களுக்கெல்லாம் மருந்து எழுதிக்கொடுக்கிற அதே அடிவாரத்து டாக்டருக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தார். விஷயத்தைக் கேட்ட டாக்டர் வெடித்தார்.

"தெரியுமான்னு ஒவ்வொருத்தரையும் கேட்டேனே! எல்லாரும் கோயில் மாடு மாதிரி தலையை ஆட்டுனீங்களே! கைக்குட்டையிலயா அடிச்சீங்க? அது என்ன செண்ட்டா?"

"திட்டுனது போதும். சொல்லுங்க டாக்டர்" என்றார் அம்மா.

"மூடியைக் கழட்டுங்க. நல்லாக் குலுக்குங்க. உள்ளே இருக்கிற மூச்சை முழுசா வெளியே விடுங்க. வாயில வெச்சு உதட்டை இறுக்கி மூடுங்க. வாயால மெதுவா ஆழமா இழுக்க ஆரம்பிச்சு, அப்பவே அமுக்குங்க. அப்புறம் மூச்சை உள்ளேயே நிறுத்தி வெச்சிருந்து விடுங்க. அவ்வளவுதான்."

முழுசாக விடுவது. மெதுவாக இழுப்பது. உள்ளே நிறுத்துவது. மாசிலாமணி நாள் தவறாமல் சொல்லிக்கொடுப்பது. வாய் ஒன்றுதான் பாக்கி.

"இதை ஒழுங்கா எடுத்தாலே உங்கள்ல பல பேருக்கு ஒண்ணும் ஆகாது. மலையை விட்டு எறங்கச் சொல்லியிருக்கவும் மாட்டேன்" என்று டாக்டர் சலித்துக்கொண்டார். "எல்லாரும் ஒரு தடவை நேர்ல வாங்க. என் முன்னாடி இழுத்துக் காட்டுங்க. தலையாட்டக் கூடாது."

அன்றைக்கு மூச்சுப் பயிற்சி நடக்கவில்லை. ஏகாம்பரமும் வனமாலாவும் வாயில் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு எல்லாரும் வேனுக்குப் போனார்கள்.

கூடம் காலியானதும் மாசிலாமணி அம்மாவின் முன்னால் போய் நின்றார். கோபத்தில் இழுப்பு அதிகமாகி, பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"அம்மா. என் பையில. கை விட்டீங்களே. இது நியாயமா?"

"உங்க பையில நான் எதுக்குக் கை விடறேன்?"

"அப்ப. அந்த இன்ஹேலர்?"

அம்மா பையைக் கண்ணால் காட்டினார்.

மாசிலாமணி போய்ப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வேட்டி, துண்டு, சட்டை, மகளுக்கென்று வைத்திருந்த காப்பித்தூள் எல்லாம் தரையில் விழுந்தன. கடைசியாக அவருடைய இன்ஹேலர் விழுந்து உருண்டது.

அம்மாவின் கையிலிருந்தது அப்படியே இருந்தது.

மாசிலாமணி துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். மூடியைக் கழற்றிக் குலுக்கினார். மூச்சை முழுதும் வெளியே விட்டார். வாயில் வைத்தார். இழுத்தார். நிறுத்தினார். அதை அவரைவிட ஒழுங்காக யாரும் செய்திருக்க முடியாது.

சற்று நேரத்தில் நெஞ்சில் பூனையின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. "அய்யா, வர்றீங்களா?" என்று டிரைவர் கத்தினார். மாசிலாமணி போகச் சொல்லிக் கையைக் காட்டினார். வேன் போகிற சத்தம் வளைவில் திரும்பி மறைந்தது.

"எனக்காகத்தான் கேட்டீங்களாம்மா?"

"உங்களுக்கு முட்டி வலின்னுதானே அய்யா சொன்னீங்க?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"உங்களுக்கு எப்பலேருந்து?"

"போன மார்கழியிலேருந்து. மூக்குலதான் அடிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒரு பக்கத்தை அடைச்சுக்கிட்டு."

"அப்பவே டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"தெரியுமான்னு அவருதான் கேட்டாரு. மூச்சுப் பயிற்சி மடத்துக்குத் தலைவி. நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்."

மாசிலாமணிக்கு இது ஆறவே இல்லை. வங்கி மேலாளரிடம் கூசாமல் கேட்டவர். குருக்களை வழிமறித்துக் கேட்டவர். எரிச்சலோடு கேட்டார்.

"ஊரெல்லாம் கண்டதையும் கேட்டீங்களே. ஓ.டி.பி., வளர்பிறைன்னு மானத்தை வாங்குனீங்களே. இந்த ஒண்ணை மட்டும் ஏம்மா கேக்கலை?"

அம்மா தன் இன்ஹேலரின் மூடியைப் போட்டு மடியில் செருகிக்கொண்டார்.

"இதைக் கேக்கத்தான் அய்யா அதையெல்லாம் கேட்டுப் பழகிக்கிட்டிருந்தேன்."